யாருக்கு வேணும் அந்தக் காலம்?

அறிவியல் புனைகதைப் படம் என்றாலே நம் தோழர்களில் பாதிப்பேருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "அதெல்லாம் தின்னு கொழுத்தவன் கனவு. பறக்கிற தட்டைப் பாத்துக்கிட்டு உக்கார நமக்கு எங்க நேரம்" என்கிறார்கள். இன்னொரு பாதி, பெரும்பாலும் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள், லேப்டாப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து, "இல்லண்ணே, மெஷினெல்லாம் சும்மா. உள்ள இருக்கிறது மனுசக் கதை. அப்பன் மகன் பாசம், சின்ன ஊரு, பழைய ரேடியோ... பாத்தா அழுகை வந்துடும்" என்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு என் பதில் சின்னது: பார்த்துவிட்டுத் திட்டுங்கள். ரெண்டாவது கூட்டத்தோடுதான் எனக்குச் சண்டை. மனுசக் கதை, மனுசக் கதை என்கிறீர்களே, எந்த மனுசன்?

'மனிதன்' என்கிற பொதுச்சொல் எப்போதுமே நமக்குச் சந்தேகத்துக்குரிய சொல். யாரை உள்ளே வைத்து யாரை வெளியே நிறுத்துகிறது என்று சொல்லாமலே காரியம் பார்க்கிற சொல் அது. சினிமாவில் அது இன்னும் சுலபமாக நடக்கிறது. கண்ணீர் வந்துவிட்டால் கேள்வி வராது.

இந்த வகைப் படத்துக்கு ஒரு பக்குவம் இருக்கிறது. ஏதோ ஒரு எந்திரம், அல்லது வானத்திலிருந்து இறங்கிய ஏதோ ஒரு ஜீவன். அது கதைக்கு ஒரு சாக்கு. அதைச் சுற்றி ஒரு சின்ன ஊர், ஒரு பையன், தகப்பன் இல்லாத வீடு, சைக்கிள். ஸ்பீல்பெர்க் 1982இல் எடுத்த 'ஈ.டி.' அன்றைக்குச் சமகாலப் படம்தான். இன்றைக்கு அதுவே ஏக்கப் பொருளாகிவிட்டது. தன் பெற்றோர் பிரிந்த வலியிலிருந்து அந்தக் கதை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிராட் பேர்டின் 'தி அயர்ன் ஜயன்ட்' வந்தது 1999இல், கதை நடப்பது ஸ்புட்னிக் பறந்த 1957இல். ஜே.ஜே. ஆப்ரம்ஸின் 'சூப்பர் 8' வந்தது 2011இல், கதை நடப்பது 1979இல். எதிர்காலத்தைப் பேசுகிற கலை என்று பேர், போவதெல்லாம் பின்னோக்கி.

கெட்ட படங்கள் என்று சொல்ல வரவில்லை. அயர்ன் ஜயன்ட்டைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆயுதமாகச் செய்யப்பட்ட ஒரு பொருள், நான் ஆயுதமாக இருக்க மாட்டேன் என்று முடிவெடுக்கிறது. அதைவிட நல்ல அரசியல் கவிதை ஒன்றை நான் இன்னும் எழுதவில்லை.

ஆனால் இந்தக் கூட்டத்துக்குப் பெரியதனக்காரர் 'பேக் டு தி ஃபியூச்சர்'. 1985இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் எடுத்தது. மார்ட்டி என்கிற பையன் டிலோரியன் காரில் ஏறி முப்பது வருசம் பின்னால் போகிறான். அவன் அப்பனும் ஆத்தாளும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலம். அப்பன் ஒரு பயந்தாங்கொள்ளி. அவனுக்குத் தைரியம் ஊட்டி, ரெண்டு பேரையும் சேர்த்துவைத்தால்தான் மகன் பிறக்க முடியும். திரைக்கதை எழுதுகிறவர்கள் பாடம் படிக்க வேண்டிய படம், ஒரு ஆணி கூட வீண் இல்லை. மகன் தகப்பனைத் தன் வயசுப் பையனாகப் பார்க்கிற இடம் உண்மையான மனுசக் கதைதான். (அந்தக் கதைக்குக் கிடைக்கிற வெகுமதி என்னவோ வீட்டுக்குப் புது நாற்காலி மேசையும், வாசலில் ஒரு புது டொயோட்டா வண்டியும்தான். அதை விடுங்கள்.)

கார் போய் இறங்கும் தேதி 1955 நவம்பர் 5. திரும்பக் கிளம்புவது நவம்பர் 12 ராத்திரி, மணிக்கூண்டில் இடி விழும் நேரம். படமே தேதியை எழுத்தில் காட்டுகிறது. நான் வங்கியில் குமாஸ்தா, எதிலும் தேதியைத்தான் முதலில் பார்க்கிற பழக்கம். அதனால் காலண்டரை எடுத்தேன்.

அதே 1955 ஆகஸ்ட் 28இல், மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயசுக் கறுப்பினச் சிறுவனை, வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு பண்ணினான் என்று சொல்லி, ராத்திரியில் வீட்டிலிருந்து இழுத்துப்போய்ச் சித்திரவதை செய்து கொன்று ஆற்றில் போட்டார்கள். செப்டம்பர் 23இல், முழுக்க வெள்ளை ஆண்களால் ஆன ஜூரி சுமார் ஒரு மணி நேரம் கூடிப் பேசி, கொன்றவர்கள் ரெண்டு பேரையும் விடுதலை செய்தது. பையனின் தாய் சவப்பெட்டியை மூடவிடவில்லை, என் பிள்ளைக்குச் செய்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். டிசம்பர் 1இல் அலபாமாவின் மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இடத்தைவிட்டு எழ மறுத்தார். அதிலிருந்து 381 நாள் பஸ் புறக்கணிப்பு. மார்ட்டியின் கார் அந்தக் காலத்தைவிட்டுக் கிளம்பிப் பத்தொன்பதாவது நாள் இது.

கலிஃபோர்னியா வேற, அலபாமா வேற, கதை நடக்கிறதே கற்பனை ஊரில்தானே என்பீர்கள். சரி, கற்பனை ஊருக்குள்ளேயே போவோம்.

அந்த ஊர்க் காபிக்கடையில் கோல்டி வில்சன் என்று ஒரு கறுப்பு இளைஞன் எடுபிடி வேலை பார்க்கிறான். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் படித்து ஆளாகிவிடுவேன் என்கிறான். நீதான் இந்த ஊருக்கு மேயர் ஆகப்போறே என்கிற சேதி மார்ட்டி வாயிலிருந்து தவறி விழுகிறது. அட, இது நல்ல யோசனையா இருக்கே என்று கோல்டி பூரித்துப்போகிறான். கறுப்பன் மேயராவதா என்று கடைக்காரர் கிண்டல் பண்ணித் துடைப்பத்தை நீட்டுகிறார். தியேட்டர் சிரிக்கிறது. படிக்கணும், முன்னேறணும் என்று கோல்டி தானாகவே நினைத்திருக்கிறான், சரி. மேயர் என்கிற ஆசையை மட்டும் இனிமேல்தான் பிறக்கப்போகிற தலைமுறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து ஊட்டிவிட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1955இல் ஊர்ச் சதுக்கம் பளிச்சென்று இருக்கிறது. புல்வெளி, நல்ல கடைகள், ஓடுகிற கடிகாரம். 1985இல் அதே சதுக்கம் பாழடைந்து கிடக்கிறது. சினிமாக் கொட்டகையில் ஆபாசப் படம், பெஞ்சில் குடிகாரன், கடிகாரம் நின்றுபோய்விட்டது. முன்னதில் மேயர் வெள்ளைக்காரர், பின்னதில் மேயர் கோல்டி. யாரும் வேணும்னே செய்யலை என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சின்ன ஊர்களின் கடைவீதியைக் காலி பண்ணியது ஊருக்கு வெளியே வந்த பெரிய மால்கள், அப்படி ஒரு மாலும் படத்தில் இருக்கிறது. இருந்தாலும் கண்ணு என்ன பாக்குதோ அதைத்தான் மனசு வைத்துக்கொள்கிறது.

அப்புறம் அந்த நடன விருந்து. மேடையில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் கறுப்பர்கள், கீழே ஆடுகிறவர்கள் வெள்ளைப் பிள்ளைகள். யார் அடிக்க யார் ஆடுவது என்கிற ஏற்பாடு நமக்குப் புதுசில்லை. வாத்தியக்காரர் மார்வின் பெர்ரிக்குக் கையில் அடிபட, மார்ட்டி கிட்டாரை வாங்கி 'ஜானி பி. குட்' வாசிக்கிறான். மார்வின் ஓடிப்போய்த் தன் உறவுக்காரன் சக்கிற்குப் போன் போட்டு, நீ தேடிக்கொண்டிருந்த புது சத்தம் இதுதான், கேள் என்று ரிசீவரை நீட்டுகிறான். இதுவும் நகைச்சுவைதான், நன்றாகவே எடுத்த நகைச்சுவை. ஆனால் சக் பெர்ரியின் 'மேபலீன்' இசைத்தட்டு 1955 ஜூலையிலேயே வந்துவிட்டது. அந்த நவம்பரில் அவருக்கு யாரும் போனில் சத்தம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, நாடே அவர் தட்டைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. நிஜத்தில் நடந்த திருட்டு வேறு. மேபலீன் பாட்டை எழுதியவர்கள் என்று சக் பெர்ரி பெயரோடு ஆலன் ஃப்ரீட் என்கிற வானொலி ஆசாமியின் பெயரையும் சேர்த்தார்கள். அவர் அதில் ஒரு வரி எழுதியவரில்லை. தட்டு விற்க வேண்டுமானால் அவர் அதை ஒலிபரப்ப வேண்டும், அதற்கு இந்தக் கப்பம். வருசக்கணக்கில் ராயல்டியில் பங்கு போனது. முப்பது வருசம் கழித்துப் படம் வந்து, பங்கு என்ன பங்கு, மூலமே எங்க பையனுடையது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறது.

ரீகனுக்கு இந்தப் படம் பிடித்திருந்தது என்பதில் வியப்பில்லை. அமெரிக்காவை மறுபடி மகத்தான நாடாக்குவோம் என்று 1980 தேர்தலில் கோஷம் போட்டவர் அவர். 1986இல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில் இந்தப் படத்தின் வசனத்தை எடுத்துப் பேசினார். 'மறுபடி' என்கிற சொல்தான் அந்தக் கோஷத்தின் உயிர். அதே கோஷத்தை 2016இல் இன்னொருவர் எடுத்துக்கொண்டு ஜெயித்தார்.

எங்கள் கிளைக்கு ரிடையர் ஆன ஒரு அதிகாரி பென்ஷன் எடுக்க வருவார். ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா சார்? பேங்க்னா ஒரு மரியாதை இருந்துச்சு, யார் யார் எங்க நிக்கணுமோ அங்க நின்னாங்க" என்பார். அவர் கெட்ட மனுசர் இல்லை, பேரனுக்குத் தினமும் சாக்லேட் வாங்கிப்போகிறவர்தான். எங்க அப்பாயி எண்பத்திரண்டு வயசு வரை இருந்தது. அது வாயிலிருந்து 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சின்ன வயசில் பழைய கதை சொல்லு என்று நச்சரித்தால், "அது கெடக்குது போ, சோத்தத் தின்னு" என்று தட்டை நகர்த்தும். ஏக்கம் என்பதும் ஒரு சொத்துதான். அப்பன் பாட்டன் சேர்த்துவைத்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும்.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. 1972இல் பம்பாயில் நம்மவர்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தபோது, கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் என்று வைத்தார்கள். அங்கே யார் எப்படிக் கதை சொன்னார்கள் என்பது நமக்கு வெளி விசயம் இல்லை.

கால வண்டி கறுப்பர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? 1979இல் ஆக்டேவியா பட்லர் 'கிண்ட்ரெட்' நாவலில் கணக்கைத் தீர்த்துவிட்டார். டேனா என்கிற கறுப்புப் பெண், எழுத்தாளர், 1976இல் கலிஃபோர்னியாவில் புது வீட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். காலம் அவளைக் கேட்காமலே பிடித்து இழுத்துப்போய், அடிமைமுறை நடந்த மேரிலாந்துப் பண்ணையில் தள்ளுகிறது. எந்திரம் கிடையாது, விஞ்ஞானி கிடையாது. ஒரு தடவை அவளுடைய வெள்ளைக்காரக் கணவனும் கூடவே போய்ச் சேருகிறான். அந்தக் காலத்தில் வாழ்ந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஒரே வருசம், ஒரே பண்ணை, ஒரே கட்டில். கடைசியாகத் திரும்பும்போது அவள் ஒரு கையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள். பட்லரின் தாய் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர், பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதைச் சின்ன வயசில் கூடவே போய்ப் பார்த்த பெண்தான் இதை எழுதியது.

சினிமாவிலும் அப்போதே ஒருவர் செய்து பார்த்தார். பேக் டு தி ஃபியூச்சர் வருவதற்கு ஒரு வருசம் முன்னால், 1984இல், ஜான் சேல்ஸ் என்கிற வெள்ளைக்கார இயக்குநர், பெரிய ஸ்டூடியோ எதுவும் இல்லாமல், சின்னக் காசில் எடுத்த 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்'. விண்கலத்தில் தப்பி வந்து நியூயார்க் துறைமுகத்தில் விழுகிறவன் அடிமை. கறுப்புத் தோல், காலில் மூன்று விரல், வாய் பேச வராது. ஹார்லத்துக்குப் போய்ச் சேருகிறான். அங்கே யாருக்கும் அவன் வேற்றுக்கிரகவாசியாகத் தெரியவில்லை, ஊருக்குப் புதுசாக வேலை தேடி வந்த இன்னொரு ஆளாகத்தான் தெரிகிறான். பிடிக்க வருகிறவர்கள் கறுப்பு உடை போட்ட ரெண்டு வெள்ளைக்காரர்கள். தப்பியோடும் அடிமை ஒருவனின் படத்தை ஒரு சிறுவனுக்குக் காட்டி, நானும் இதுதான், மேலேயிருந்து வந்தேன் என்று சைகையில் சொல்கிற இடத்தில், எந்தக் கிராஃபிக்ஸும் செய்ய முடியாததை ஜோ மார்ட்டன் என்கிற நடிகர் ஒரு கட்டை விரலால் செய்கிறார்.

அதில் ஒரு பாதாள ரயில் காட்சி. சீட்டுக்கட்டு வித்தை காட்டுகிற வெள்ளைக்காரப் பையன் ஒருவன், இன்னொரு வித்தை பாருங்க, இந்தப் பெட்டியில் இருக்கிற வெள்ளைக்காரங்க எல்லாரையும் மாயமா மறையவைக்கிறேன் என்கிறான். ரயில் 59ஆம் தெருவில் நிற்கிறது. அடுத்த நிறுத்தம் ஹார்லம். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இறங்கிப்போகிறார்கள். வித்தை முடிந்தது. அறிவியலும் வேண்டாம், புனைகதையும் வேண்டாம், ரயில்வே கால அட்டவணை போதும்.

2019இல் ரெண்டு படம் வந்தது. ஸ்டெஃபான் பிரிஸ்டல் இயக்கி, ஸ்பைக் லீ தயாரித்த 'சீ யூ யெஸ்டர்டே' ஒன்று. புரூக்ளினில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் வாழும் பகுதி. சீஜே என்கிற பள்ளி மாணவியும் அவள் சிநேகிதன் செபாஸ்டியனும் முதுகுப்பையில் கால எந்திரம் கட்டுகிறார்கள், நல்ல கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் வாங்க. அவர்களுக்கு வாத்தியாராக ஒரே ஒரு காட்சியில் வருகிறவர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், ஆம், அந்த மார்ட்டியேதான். கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பது பட்லரின் 'கிண்ட்ரெட்'. ஒரு வார்த்தை பேசாமல் இயக்குநர் ரெண்டு மரபையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டார்.

சீஜேயின் அண்ணன் கால்வினைப் போலீஸ் சுட்டுக் கொல்கிறது, கையிலிருந்த செல்போனைத் துப்பாக்கி என்று சொல்லி. இப்போது எந்திரத்துக்கு வேலை வருகிறது. மார்ட்டியின் வண்டி முப்பது வருசம் போகும். இந்தப் பிள்ளைகளின் வண்டி நேற்றைக்குத்தான் போகும், மிஞ்சினால் சில நாள். அங்கே பார்க்க வேண்டிய பழைய கடைவீதி எதுவுமில்லை, ஒரு பிணத்தை எழுப்ப வேண்டும். ஒருமுறை போய் ஒருத்தரைக் காப்பாற்றினால் இன்னொருத்தர் சாகிறார். மறுபடி போகிறாள். நேரத்தை மாற்ற முடிகிறது, துப்பாக்கி வைத்திருப்பவன் கண்ணை மாற்ற முடியவில்லை. கடைசியில் அவள் ஓடிக்கொண்டிருக்கும்போதே படத்தை வெட்டிவிடுகிறார்கள். முடிவே இல்லை என்று நம் தோழர்களில் சிலர் கோபப்பட்டார்கள். என்ன முடிவு வைப்பது? படத்தில் குறை உண்டு. நடுவில் தொலைக்காட்சி நாடகம் மாதிரி இழுக்கிறது, எந்திரத்தைப் பற்றிய பேச்சு பாதி வெறும் ஜிகினா. ஆனால் மனுசக் கதை என்று நீங்கள் சொல்லுகிறீர்களே, அதில் மனுசன் இருக்கிறான்.

இன்னொரு படம் ஆண்ட்ரூ பேட்டர்சனின் 'தி வாஸ்ட் ஆஃப் நைட்'. எனக்கு இந்த வகையிலேயே பிடித்தது இதுதான், காரணம் இது அசல் ஏக்கப் படம். வெளியே நின்று கல்லெறியவில்லை. 1950களின் நியூ மெக்சிகோ, சின்ன ஊர், பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட்டம், ஊரே அங்கே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி வேலைக்கு உட்கார்ந்திருக்கிற ஃபே என்கிற பெண், வானொலி நிலையத்தில் எவரெட் என்கிற பையன். லைனில் ஒரு விநோத சத்தம் கேட்கிறது. பழைய டேப்ரிகார்டர், பிளக்குகள், கார்கள் எல்லாவற்றையும் கேமரா ஆசை ஆசையாகத் தடவுகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பி ஊரைத் தாண்டி, ஆட்டத்துக்குள் புகுந்து, வானொலி நிலையம் வரை அது ஓடுகிற ஒரே ஓட்டம் இருக்கிறதே, பார்க்கிறவனும் அந்த ஊர்க்காரனாகிவிடுவான்.

அப்படி நம்மை உட்காரவைத்த பிறகு ஒரு போன் வருகிறது. பில்லி என்று ஒருவர். ராணுவத்தில் இருந்தபோது பாலைவனத்தில் ரகசிய வேலைக்குக் கூட்டிப்போனதையும், பெரிசாக எதையோ மறைத்துப் புதைத்ததையும், அந்தச் சத்தத்தை அப்போதே கேட்டதையும், பின்னால் உடம்பு கெட்டதையும் சொல்கிறார். சொல்லி வரும்போது, தான் கறுப்பர் என்கிறார். அந்த வேலைக்கு எடுத்த அத்தனை பேரும் கறுப்பர்கள், இல்லையென்றால் மெக்சிகோக்காரர்கள். வெளியே போய்ச் சொன்னாலும் எவன் நம்பப்போகிறான் என்பதற்காகவே பொறுக்கியெடுத்த ஆட்கள். இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கிகீயில், மேக நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் பார்க்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை.

அந்தப் பேச்சு நடக்கும்போது படம் இடையிடையே திரையை முழுசாகக் கறுப்பாக்கிவிடுகிறது. அதுவரை கண்ணுக்கு விருந்து வைத்த அழகான ஊர் காணாமல் போகிறது. இருட்டில் ஒரு குரல் மட்டும். பில்லியின் முகத்தைக் கடைசி வரை காட்டுவதில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் இதை வைத்து ரெண்டு மணி நேரம் சண்டை. கறுப்பனுக்கு முகம் கூடக் கொடுக்கலை பார், கதாநாயகன் நாயகி அப்பவும் வெள்ளைப் பிள்ளைகள்தானே என்றாள் ஒரு மாணவி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கட்சி வேறு. அந்த ஊரில் பில்லிக்கு முகம் இருந்ததில்லை, அவர் நுழைய அங்கே ஒரே வழி டெலிபோன் கம்பிதான். முகத்தைக் காட்டி, பக்கத்தில் உட்காரவைத்து, எல்லோரும் தோளில் கைபோட்டுப் பறக்கும் தட்டைத் தேடியிருந்தால், அது 1950களைப் பற்றி இன்னொரு பொய்யாகியிருக்கும். இந்தப் படம் தன் ஏக்கத்துக்குள்ளேயே ஒரு ஓட்டை போட்டு, அந்த ஊர் யாரை வைத்து நிம்மதியாகத் தூங்கியது என்று கேட்கவைக்கிறது. கோல்டியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துச் சிரிக்கவைத்த படத்தால் முடியாத காரியம் அது.

கல்லூரிகளில் படம் போடுகிற தோழர்கள் பேக் டு தி ஃபியூச்சரையும் இதையும் ஒரே ராத்திரியில் போடுங்கள். முதலில் 1985, அப்புறம் 2019. நடுவில் டீ குடிக்கிற நேரத்தில் யாராவது எம்மெட் டில் கதையைப் பத்து நிமிஷம் சொல்லட்டும், முன்கூட்டி வேண்டாம். அப்புறம், பில்லி பேசும்போது திரை இருண்டுபோகும். புரொஜக்டர் போச்சு என்று நினைத்து யாரும் எழுந்து போய் லைட்டைப் போட்டுவிடாதீர்கள்.